செலினியம் இல்லாத மண்

கறவை வற்றிய மாடுகளுக்குக் காலையில் தாது உப்பு போடுவது கோலெட்டின் வேலை. மூட்டையின் வாயைக் கத்தியால் கீறி, பழைய பால் ஜாடியை வெட்டிச் செய்த கரண்டியால் அள்ளி, தீவனத் தொட்டியின் நீளத்துக்கு நடந்துகொண்டே தூவுவாள். பழுப்பு நிறத் தூள். சோளத் தீவனத்தின் மேல் மெல்லிய சாம்பல்போல விழும். மாடுகள் கம்பிக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, முகத்தால் அதைக் கிளறி, மூக்கு நுனியில் தூளோடு நிமிர்ந்து பார்க்கும். சனவரியில் தொழுவத்துக்குள் ஒரு புகைமூட்டம் உண்டு. நாற்பது மாடுகள் விடும் மூச்சு கூரைக்குப் போய்த் தகரத்தில் பனியாக ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவளிடம் பேச்சுக் கொடுத்தால் பாதிதான் காதில் விழும். கண் திறந்திருக்க உறங்குகிறவள் மாதிரி நடப்பாள்.

மூட்டையின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அவளுக்கு மனப்பாடம். சுண்ணாம்பு, பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஈ, செலினியம். கடைசி இரண்டும் எங்கள் பக்கத்து மாடுகளுக்கு இல்லாமல் முடியாது. அவை குறைந்தால் கன்று ஈன்ற மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழாது, அடுத்த சினையும் எளிதில் பிடிக்காது. முன்னொரு காலத்தில் பனியாறு அரைத்துக் கொட்டிவிட்டுப் போன மண் எங்களுடையது. அதில் செலினியம் கிடையாது. அதனால் புல்லில் கிடையாது, சோளத்தில் கிடையாது, மாட்டுக்கும் கிடையாது. மூட்டையில் வந்தால்தான் உண்டு.

கோலெட் தேலன் வீட்டு மருமகள். கணவன் கர்ட். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன வீட்டில் மாமியார் லாவோன். காலைப் பால் கறந்து முடிந்ததும் கோலெட் தன்னுடைய வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புவாள். செயின்ட் வால்பர்கா கோயில் பங்கைச் சுற்றி இருக்கும் பண்ணைகளுக்கெல்லாம் சினை ஊசி போடுகிறவள் அவள்தான். எங்கள் பண்ணைக்கும் அவள்தான் வருவாள். வண்டியின் பின்னால் பால் கேன் மாதிரி ஒரு பாத்திரம் இருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து அவள் பூட்ஸைச் சுற்றித் தரையில் படரும். அதற்குள்ளிருந்து, உறைந்த காளை விந்து அடைத்த ஈர்க்கு அளவு குழல் ஒன்றை எடுத்து, வெந்நீரில் இளக்கி, சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடு போகாமல் கொண்டுவருவாள். இடது கைக்குத் தோள்வரை உறை. மாட்டின் வாலை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். உள்ளே இருப்பதை விரல்தான் பார்க்கிறது, கண் எதற்கு என்பாள்.

தொழில்பள்ளியில் அவள் வகுப்பில் பெண் அவள் ஒருத்திதான். ஆரம்பத்தில் பண்ணைக்காரர்கள் வண்டியிலிருந்து வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். இரண்டு வருடத்தில் பேச்சு மாறிவிட்டது. கோலெட் கை பட்டால் காளைகூடச் சினையாகிவிடும் என்று மதுக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுக்காமல் யாரும் அனுப்புவதில்லை.

அல்ஃபோன்ஸ் என்று ஒரு கிழவர். வாய்க்குப் பூட்டில்லை. ஒருநாள் அவள் உறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"ஊரு மாட்டையெல்லாம் செனையாக்கிட்டு வர்ற. உன் வீட்டுல மட்டும் ஏன் ஒண்ணையும் காணோம்?"

"எங்க வீட்டுக்கு யாரும் போன் பண்ணிக் கூப்பிடல, அல்ஃபோன்ஸ்" என்றாள் கோலெட்.

கிழவர் கன்னத்தில் கண்ணீர் வழியச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வண்டியில் ஏறி, ஏரிப் பக்கம் சாலை திரும்பும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, சூடு வரும் துவாரத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்துவிட்டு அடுத்த பண்ணைக்குப் போனாள்.

இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் மூன்றாம் மாதத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கோலெட்டுக்கு முப்பத்தொன்பது வயது. மினியாபொலிஸில் ஒரு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார்கள். கருமுட்டை குறைவாக இருக்கிறது, வயதும் ஆகிறது, வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். கோயிலுக்கு அது ஒப்பாது. கர்ட்டும் கோலெட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர்கள். இருவரும் அதைப் பற்றிப் பல வாரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு கர்ட் ஒரு சாயங்காலம் பால் குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னான். ஒரு தடவை போய்ப் பார்ப்போம். ஒரே தடவை. ஆகவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுவோம். அந்த இரண்டு முறையும் அவள் குளியலறைத் தரையில் இருந்ததைப் பார்த்தவன் அவன். கோலெட் சரி என்றாள். ஏப்ரலில் என்று முடிவாயிற்று. லாவோனிடம் டிராக்டர் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மினியாபொலிஸ் போய்வந்தார்கள்.

ஒரு முட்டை பக்குவமாவதற்கு மூன்று மாதம் போல ஆகும் என்று மருத்துவமனையில் ஒரு நர்ஸ் சொல்லியிருந்தாள். போகிறபோக்கில் சொன்னது. கோலெட்டுக்கு அது போகவில்லை. அப்படியென்றால் ஏப்ரலில் எடுக்கப்போகிற முட்டை சனவரியிலேயே கண் விழித்துவிடும். எனக்குள் எங்கோ இப்போதே புரண்டுகொண்டிருக்கும். நான் இன்று தின்பது அதற்குப் போய்ச் சேரும் என்று எண்ணிக்கொண்டாள்.

அது முட்டாள்தனம் இல்லை. கன்று ஈனப்போகிற மாட்டை நாங்கள் கடைசி நாளில் கவனிப்பதில்லை. முன்கூட்டியே தனியாகப் பிரித்து, தீவனத்தை மாற்றி, தாது உப்பைக் கூட்டித் தயார் செய்கிறோம். மாட்டு டாக்டர் ஹெஸ் இதைத் துருவை வைத்து விளக்குவார். வெளியே நிறுத்திய இரும்பு துருப்பிடிப்பதுபோல உடம்புக்குள் ஒவ்வொரு உயிரணுவும் துருப்பிடிக்கும், வைட்டமின் ஈயும் செலினியமும் அந்தத் துருவைத் தடுக்கிற எண்ணெய் என்பார். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று கோலெட் வாங்கிய டப்பாக்களிலும் அதையேதான் எழுதியிருந்தது. எழுத்து மட்டும் அழகாக இருந்தது, மூட்டைக்குப் பதில் இளஞ்சிவப்பு மூடி.

அவள் கணக்குப் போட்டாள். மாட்டுக்கு இவ்வளவு. மாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு நான். அப்படியானால் செலினியம் எனக்கு இவ்வளவு. அந்த அளவுக்கு ஒரு மாத்திரை. அதோடு முட்டையின் தரத்துக்கு என்று விற்கிற ஒரு பொடி, காலையில் ஆரஞ்சுச் சாற்றில். அதோடு வைட்டமின் ஈ. அதோடு கர்ப்பத்துக்கு முன்னால் எல்லாரும் சாப்பிடும் சத்து மாத்திரை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றும் தப்பில்லை. எங்கள் மண்ணில் இல்லாதது எங்களுக்குள்ளும் இருக்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எங்களில் யாருக்கும் வந்திருக்காது.

அந்தக் குளிர்காலத்தை அவள் பிறகு என்னிடம் சொன்னபோது, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி சொன்னாள். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே சாலை வெள்ளையாக இருக்கும். வயல் வெள்ளை, வானம் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியாது. தூரத்தில் ஒரு தொழுவத்தின் சன்னல் மட்டும் மஞ்சளாக மிதக்கும். வண்டி அதை நோக்கிப் போகிறதா, அது வண்டியை நோக்கி வருகிறதா என்று சொல்ல முடியாது. தனக்குள் இருக்கும் முட்டையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வாள். பெரிய பனிவெளியில் விளக்கெரியும் ஒரே ஒரு கொட்டகை. அதற்குத் தீவனம் ஏற்றிக்கொண்டு தான் போய்க்கொண்டே இருப்பதாக. காலையில் மாத்திரையை விழுங்கும்போது அது தொண்டை இறங்கி, சாலை பிடித்து, அந்த வெளிச்சம் வரைக்கும் போவதைக் கண்ணை மூடிப் பார்ப்பாள். சில நாள் ஒரு பண்ணைக்குப் போய் இறங்கும்போது, எந்தத் திருப்பத்தில் திரும்பினோம் என்பதே ஞாபகம் இருக்காது.

கனவில் துரு வந்தது. பழைய கலப்பை, பழைய கதிரடிக்கும் இயந்திரம், எல்லாம் ஏரிப் பனிக்கட்டியின் மேல் நின்றன. அவள் ஒரு துணியால் துடைத்துக்கொண்டே போனாள். துடைத்த இடமெல்லாம் வெள்ளியாக மின்னியது. அந்தக் கனவு வந்த காலையில் நன்றாக இருக்கும், நல்ல பசி எடுக்கும் என்றாள்.

கர்ட் அவளுக்குத் தினமும் இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தான். கோழி அவனுடைய பாடு, வேறு யாரையும் கூண்டுப் பக்கம் விடமாட்டான். அந்த வருடம் மஞ்சள் கரு நன்றாகச் சிவந்து இருந்தது. லாவோன் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு தட்டு நிறைய இனிப்புத் துண்டம் சுட்டு முற்றத்தைக் கடந்து கொண்டுவருவாள். ஒன்பது பிள்ளை பெற்று வளர்த்தவள். யாரிடமும் நேராகக் கேட்கத் தெரியாது, சுட்டுக் கொடுக்கத்தான் தெரியும். தட்டை மேசையில் வைத்து, கர்ட்டின் பக்கத்திலிருந்து இழுத்துக் கோலெட்டின் பக்கம் தள்ளி வைப்பாள்.

"நீ தின்னு. உனக்குத்தான் சுட்டேன். அவன் தொப்பைக்கு இல்ல."

கொட்டை வாசனையோடு, எண்ணெய்ப் பசையாக, வாயில் கரையும். வண்டியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொறிப்பாள்.

பிப்ரவரியில் பூண்டு வாசனை வந்தது. தேலன் வீட்டில் பூண்டு நுழைந்ததே கிடையாது. வெங்காயம், மிளகு, சீரகம் போன்ற கேரவே விதை, அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் லாவோன் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ இத்தாலிக்காரன் வீட்டுல சாப்பிட்டு வந்திருக்காங்க" என்றாள், உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு.

கோலெட் பல் துலக்கிப் பார்த்தாள். போகவில்லை. வாசனை வாயில் இல்லை, மூச்சில் இருந்தது. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த கர்ட் சன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டான். பிறகு தலைமுடி. தினமும் தொப்பியைக் கழற்றும்போது அதற்குள் ஒரு சிறு கூடு கட்டியிருக்கும். நகத்தில் குறுக்காக வெள்ளைக் கோடு விழுந்து, கோடு விழுந்த இடத்தில் உடைந்தது. உறையைக் கிழித்துவிடுகிறது என்று நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். குளிர்காலம், வேலை, வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. உடம்பு எல்லாவற்றையும் உள்ளே அனுப்புகிறது, வெளியே மிச்சம் வைக்கவில்லை என்றுகூட ஒரு நாள் நினைத்தாளாம். அப்படி நினைத்தபோது சந்தோஷமாக இருந்ததாம்.

மார்ச்சில் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்தபோது முடி கொட்டுவதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கூடுதலாக இரண்டு சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும், சாப்பிடுகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள் என்றார்கள். கன்றுக்குப் பால் வைக்கும் வாளியைக் கழுவித் துடைத்து அதில் டப்பாக்களைப் போட்டுக்கொண்டு போனாள்.

டாக்டர் வார்சாமே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். இளம் வயதுதான். முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே ஒவ்வொரு டப்பாவின் முதுகையும் படித்தார். பொடியில் செலினியம். சத்து மாத்திரையில் செலினியம். வைட்டமின் ஈ டப்பாவிலும் கூடவே செலினியம். தனியாக ஒரு செலினியம் மாத்திரை.

"இது ஏன்?" என்றார், தனி மாத்திரையைத் தூக்கி.

கோலெட் மண்ணைப் பற்றிச் சொன்னாள். பனியாறு, புல், சோளம், மாடு, எடையில் பத்தில் ஒரு பங்கு. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மாடு நீங்க போடறத மட்டும்தான் தின்னுது" என்றார் பிறகு. "நீங்க கடையில ரொட்டி வாங்கறீங்க. அந்தக் கோதுமை எங்கேருந்து வருது?"

கோலெட்டுக்கு அது தெரியும். மேற்கே டகோட்டாவிலிருந்து வருகிறது. அங்கே மண்ணில் செலினியம் கூடுதல். தொழில்பள்ளியில் ஒரு படம் காட்டினார்கள். அந்தப் பக்கத்து மாடு ஒன்று, வால் மயிர் முழுவதும் உதிர்ந்து, குளம்பில் வளையம் வளையமாக வெடிப்பு விழுந்து, முட்டி போட்டு மேய்கிறது. அந்தப் படம் பரீட்சைக்கு வந்தது, அவள் சரியாகவே எழுதினாள். மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். மாட்டை வைத்துத் தனக்கு அளவு போட்டவளுக்கு, அந்த மாட்டில் தன்னை அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

உங்கள் இரத்தத்தில் செலினியம் ஏறியிருக்கிற அளவுக்கு இந்த டப்பாக்கள் போதாது, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். வேறு எதுவும் இல்லை என்றாள் கோலெட். கர்ட் சன்னலுக்கு வெளியே கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் முட்டைக்கு நல்லதா, இல்லையா?" என்று கேட்டாள்.

"உதவலாம்னு சொல்ற சின்னச் சின்ன ஆராய்ச்சிங்க இருக்கு. உதவும்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல. நான் பொய் சொல்ல மாட்டேன், தேலன் அம்மா. உதவுமான்னு சரியாத் தெரியாது. அளவு மீறினா என்ன ஆகும்னு தெரியும். முடி, நகம், மூச்சுல இந்தப் பூண்டு வாசனை, எல்லாம் அதுதான்."

"கெடுத்திருக்குமா?"

"முட்டையையா? அதுவும் தெரியாது."

ஏப்ரல் வேண்டாம் என்றார். ஃபோலிக் அமிலம் ஒன்று மட்டும், மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். கோடையில் மறுபடி இரத்தம் பார்ப்போம், அளவு இறங்கி உடம்பு தேறியிருந்தால் அக்டோபர். அக்டோபரில் அவளுக்கு நாற்பது. அதற்குள் முட்டை இன்னும் கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில் பனி உருகத் தொடங்கியிருந்தது. வயல்கள் புள்ளி புள்ளியாகக் கறுத்துத் தெரிந்தன, உறக்கத்தில் பாதி கண் திறந்த மாதிரி. தானியக் கிடங்கு தாண்டியதும் கர்ட் சொன்னான்.

"கோழிக்கு நான் செலினியம் போட்டுட்டிருந்தேன்."

கோலெட் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஈஸ்ட்டுல கலந்து வருது. முட்டைல ஏறும்னு தீவனக் கடைல சொன்னாங்க. நீதான் மஞ்சக்கருவ விரும்பித் தின்பியே."

"எப்பலேருந்து?"

"சோளம் அறுத்ததுலேருந்து."

"எவ்வளவு போட்ட?"

"பை மேல எழுதியிருந்ததவிடக் கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம் கூட" என்றான் மறுபடி, கழுத்து சிவந்து.

அவளுக்குக் கோபம் வரவில்லையாம். குளிர்காலம் முழுவதும் தான் ஒருத்தியே அந்தச் சாலையில் தீவனம் ஏற்றிப் போவதாக நினைத்திருந்தாள். பின்னாலேயே விளக்கை அணைத்துக்கொண்டு இன்னொரு வண்டியும் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அடுக்களை மேசையில் தட்டு இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. லாவோன் மேலங்கியைக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து கிளம்பப் போனாள். கோலெட்தான் உட்காரச் சொன்னாள். வாளியை மேசையின் மேல் வைத்தாள். எங்கே போய்வந்தோம், எதற்கு, என்ன சொன்னார்கள் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லிமுடித்தாள். அந்த வீட்டில் அந்த விஷயம் வாய்விட்டுப் பேசப்பட்டது அதுதான் முதல் தடவை. பேசுவது அவ்வளவு எளிது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லாவோன் கையை மடியில் கோத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டிராக்டர் சாமானுக்குப் போகலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ஒன்பது பெத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிட்டியா?" என்றான் கர்ட்.

"எதுக்குச் சொல்லணும்? கேட்டா அவர் என்ன சொல்வார்னு தெரியும். அதனாலதான் கேக்கல." பிறகு தட்டைப் பார்த்தாள். "அதென்ன சொன்னீங்க, செலினியம். அது கொட்டைல இருக்குமா?"

"எந்தக் கொட்டைல?" என்றாள் கோலெட்.

"பிரேசில் கொட்டை. முடி வெட்டப் போன இடத்துல ஒரு புத்தகத்துல போட்டிருந்தது. பிள்ளைக்கு ஆசைப்படற பொம்பளைங்க தின்னா நல்லதுன்னு. அரைச்சு மாவுல போட்டேன். பாதி மாவு, பாதி அதுதான்."

பிரேசில் கொட்டையில் இருப்பதுபோல வேறு எதிலும் செலினியம் இல்லை. கோலெட்டுக்கு அது தெரியும். ஆனால் அரைத்து மாவில் கலந்ததை யார் கண்டார்கள்? டாக்டர் கூட்டிப் பார்த்து விழாத கணக்கு தட்டில் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தது.

எங்கள் பண்ணைகளில் மாட்டுக்கு ஊசியோ மருந்தோ கொடுத்தவர் அங்கேயே அதன் முதுகில் வண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் கோட்டைப் பார்த்து விலகிப் போவார். கோடு போடாமல் போனால் ஒரே மாட்டுக்கு இரண்டு பேர் கொடுத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

"முதுகுல கோடு போடாம விட்டுட்டோம்" என்றான் கர்ட்.

முதலில் லாவோன்தான் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. பிறகு கோலெட். பூண்டு வாசனையோடு சிரித்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. மூன்று பேரும் சிரித்து முடித்தபோது லாவோனின் முகம் மட்டும் மாறிவிட்டிருந்தது.

"அதை நான்தான் கெடுத்துட்டேனா?" என்றாள். எதை என்று சொல்லவில்லை.

"தெரியல" என்றாள் கோலெட். "டாக்டருக்கும் தெரியல. நானே கெடுத்திருக்கலாம். கெடாமலே இருக்கலாம்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை என்றாள் என்னிடம். லாவோனும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தாள். தட்டை எடுத்து மேலங்கிக்குள் அணைத்துக்கொண்டாள். கதவருகே நின்று, அடுத்த தடவை மினியாபொலிஸ் போகும்போது பால் கறக்க ஆள் வேண்டுமென்றால் தன் காலுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை என்று கதவுப் பிடியிடம் சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கிப் போனாள். சேற்றில் அவள் போட்ட ஒவ்வொரு அடிக்கும் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கர்ட் வாளியிலிருந்த டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் குப்பையில் கொட்டினான். டாக்டர் கொடுத்தனுப்பிய ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்தான். அவ்வளவு மாத்திரையும் ஒன்றாக விழும்போது ஆலங்கட்டி பெய்கிற மாதிரி சத்தம் கேட்டது. கோலெட் சன்னலருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைப் பனி உருகி வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் முற்றம் தலைகீழாகத் தொங்கி, நீண்டு, விழுந்தது.

"ஒரு தடவைன்னு சொன்னேன்" என்றான் கர்ட், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "அந்தத் தடவை இன்னும் வரல. அதனால அது அப்படியேதான் இருக்கு. அக்டோபர்ல போவோம்."

அவள் திரும்பாமல் தலையசைத்தாள். அவன் அதைச் சொல்வானா மாட்டானா என்று மினியாபொலிஸிலிருந்து வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது சொல்லிவிட்டான். நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். அக்டோபரை நோக்கி ஒரு சாலை தெரிந்தது. கோடை முழுக்க, பசுமையாக, வெளிச்சமாக. அதில் அவள் கையில் ஏற்றிப் போவதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் வண்டி.

சட்டைப் பையில் போன் அடித்தது. அல்ஃபோன்ஸ். கிடேரி ஒன்று காலையிலிருந்து சினைக்குக் கத்திக்கொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் வந்தால் நல்லது என்றார். வருகிறேன் என்று சொல்லி வைத்தாள். நாற்காலியில் தொங்கிய மேல்சட்டையை எடுத்துக் கையை நுழைத்தாள். முடி உதிர்ந்த உச்சி தெரியாமல் தொப்பியை இழுத்து வைத்தாள்.

கர்ட் காலி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கோலெட்" என்றான். "ஒண்ணும் திங்காம, ஒண்ணும் செய்யாம, அதுவரைக்கும் சும்மா இருந்துருவியா?"

அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, கதவைத் திறந்து வெளியே போனாள்.